கௌரி நலம்

கருமண்டபம், திருச்சி
02.02.2009

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி சுவர்ணா எழுதுவது. நானும் பிரியந்தியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகம், ரஜனி மச்சாளின் முதுகு நோவு, மருமகள் கௌரியின் படிப்பு எல்லாம் எப்படி என்று அறிய ஆசை.

இதைப் போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. பிரியந்திக்குப் பத்து வயது, காது இரண்டும் பாம்புக் காது. இது அவள் கேட்கக்கூடாத பேச்சு.

எனக்கு ஒரு கலியாணம் பேசி வந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். பிரியந்தியின் அப்பா ஊரில் செல்லடியில் செத்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. வள்ளத்தில் ஏறி இங்கே வந்ததிலிருந்து நான் தனியாகத்தான் எல்லாம். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆசைப்பட்டு இல்லை, அண்ணை, பிள்ளைக்காகத்தான்.

மன்னார் ஆள் ஒருவர் இங்கே கலியாணத் தரகு செய்கிறார், சூசைதாசன் என்று பெயர். அவர்தான் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் சந்திரகுமார். வயது நாற்பத்தைந்து, லண்டனில் இல்ஃபோர்டில் இருக்கிறார். முதல் ஜெர்மனியில் இருந்து பிறகு அங்கே வந்தவராம். கணக்குப் பாடம் படிப்பிப்பவர். முதல் கலியாணம் ஜெர்மனியிலேயே முறிந்துவிட்டது. என்னையும் பிரியந்தியையும் ஸ்பொன்சரில் லண்டனுக்கு எடுப்பாராம்.

முந்தி உங்கள் கோலியர்ஸ் வுட் பக்கம் இருந்தவராம். தரகரிடம் அவரே சொன்னாராம்: "ஞானேஸ்வரன் அண்ணையைக் கேளுங்கோ. அவருக்கு என்னை நல்லாத் தெரியும்." இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஒரு மனிதன் தன்னை விசாரிக்கச் சொல்லி என் சொந்த அண்ணனையே காட்டுகிறான்.

விசாரித்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
சுவர்ணா


கோலியர்ஸ் வுட், லண்டன்
20.02.2009

அன்பின் தங்கச்சி சுவர்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். ரஜனிக்கு முதுகு பரவாயில்லை. கௌரி நலம், இந்த வருஷம் பெரிய பரீட்சை, படித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கும் பிள்ளைக்கும் முருகன் துணை.

இம்முறை குளிர் கடுமை. பெற்றோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்டைத் தந்திருக்கிறார்கள், அது ஒரு நிம்மதி. இங்கே எங்கள் சனம் எல்லாம் வன்னிச் செய்தியைப் பார்த்துக்கொண்டு பைத்தியம் பிடித்ததுபோல் திரிகிறது.

நீ கேட்ட விஷயம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏழு வயது வித்தியாசம். ஒருமுறை முறிந்த மனிதன். நீ அனுப்பிய சாதகக் குறிப்பையும் இங்கே ஒரு ஐயரிடம் காட்டினேன், அவர் தலையை ஆட்டவில்லை. இல்ஃபோர்ட் எங்களுக்கு மிகத் தூரம், நீ வந்தாலும் அடிக்கடி பார்க்க முடியாது. அவசரப்படாதே. வேறு நல்ல இடம் வரும், நானும் பார்க்கிறேன்.

பிரியந்திக்கு ஒரு குளிர் சட்டை ரஜனி எடுத்து வைத்திருக்கிறாள். திருச்சியில் எதற்குக் குளிர் சட்டை என்று கேட்டால் கோபிக்கிறாள்.

அன்புடன்
அண்ணன் ஞானேஸ்வரன்


திருச்சி
05.03.2009

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் வீட்டிலும் சுகம் என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் அந்த இடத்தோடு முடிந்தது.

ஏழு வயது வித்தியாசமா? உங்களுக்கும் மச்சாளுக்கும் எட்டு. முறிந்த மனிதனா? நான் மட்டும் என்ன, கடையில் வாங்கின புதுப் பானையா? இங்கே மூன்று பேரிடம் குறிப்பைக் காட்டினேன், பத்தில் ஏழு பொருந்துகிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். உங்கள் ஐயர் எந்தப் பஞ்சாங்கம் வைத்திருக்கிறாரோ! இல்ஃபோர்ட் தூரம் என்கிறீர்கள். திருச்சி கிட்டவா அண்ணை?

மாதம் ஒருமுறை நான் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறேன். அகதி என்றால் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் வரும்வரை அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருக்கவேண்டும். பிரியந்தியும் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். போன மாதம் அவள் கேட்டாள்: "அம்மா, நாங்கள் என்ன களவெடுத்தனாங்கள்?" அவளை அந்த வாங்கிலிருந்து எழுப்பிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

அவர் பிள்ளை இருப்பதைக் குறையாகவே நினைக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை இருக்கிறது இன்னும் நல்லது, வீடு கலகலப்பா இருக்கும்" என்று சொன்னாராம். இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

நான் கேட்டது ஒன்று. அவரை உங்களுக்குத் தெரியுமா? அதற்கு நீங்கள் ஓம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. ஒரு குற்றம் இருந்தால் அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நான் கேட்பேன். சாக்குச் சொன்னால் கேட்கமாட்டேன்.

தங்கச்சி
சுவர்ணா


லண்டன்
28.03.2009

அன்பின் தங்கச்சிக்கு,

கோபமாக எழுதினாலும் உன் எழுத்தைக் கண்டது ஆறுதல். நாங்கள் மூவரும் சுகம். கௌரி நலம்.

அவரைக் கண்டிருக்கிறேன். பழக்கம் என்று சொல்ல முடியாது. குடி, சூது என்று கேள்விப்படவில்லை. ஆனால் வெளிநாட்டில் அதை மட்டும் விசாரித்தால் போதாது, சுவர்ணா. இங்கே பொலிசிடம் ஒரு பதிவு இருக்கிறது. பிள்ளைகளோடு தப்பாக நடந்து, கோர்ட்டில் குற்றம் நிரூபிக்கப்பட்ட ஆட்களின் பெயர்கள் அதில் இருக்கும். நீ ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறாய். ஆர் வந்தாலும் அதைப் பார்ப்பது நல்லது என்றுதான் போன செவ்வாய் ஷிப்ட் முடிந்து பக்கத்துப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் பொலிஸ். அந்தப் பதிவைப் பார்க்கவேண்டும் என்றேன். வாக்காளர் பட்டியல்போல மேசையில் விரித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன், அவ்வளவு மடையன். அது பொதுமக்களுக்குக் காட்டுவதில்லையாம். தண்டிக்கப்பட்டவர் வெளியே வந்து மூன்று நாளுக்குள் பொலிசில் பெயரும் விலாசமும் கொடுக்கவேண்டும். வீடு மாறினாலும் சொல்லவேண்டும். ஒன்றும் மாறாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை போகவேண்டும். சிலருக்கு ஏழு வருஷம், சிலருக்குப் பத்து, பெரிய தண்டனை என்றால் சாகும்வரை. போன செப்டெம்பரிலிருந்து நாலு மாவட்டங்களில் மட்டும் ஒரு பரீட்சார்த்தம் நடக்கிறதாம். அங்கே ஒரு தாயோ தகப்பனோ தன் பிள்ளையோடு பழகும் ஆளைப் பற்றிக் கேட்கலாம். பொலிஸ் தேடிப் பார்த்து, ஆபத்து என்று கண்டால் அந்தத் தாய் தகப்பனுக்கு மட்டும் சொல்லும், அவர்களும் அதை வெளியில் சொல்லக்கூடாது. லண்டன் அந்த நாலில் இல்லை. வேறு நாட்டில் நடந்தது இங்கே தானாக வந்து ஏறுவதும் இல்லையாம்.

பிறகு அவள் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள், குறிப்பாக ஆரைப் பற்றியாவது உங்களுக்குக் கவலை இருக்கிறதா, ஏதாவது தெரியுமா என்று. சாந்தமாகத்தான் கேட்டாள். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எதற்கும் நீ நன்றாக யோசி. பிள்ளை இருக்கிற வீடு.

அண்ணன்
ஞானேஸ்வரன்


திருச்சி
18.04.2009

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம், சுகம், சுகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல செய்தி.

உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு பக்கத்து வீட்டு எமில்டா ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவவின் வீட்டில் கொம்பியூட்டர் இருக்கிறது. "லண்டன்காரர் ஒளிச்சு வைச்சால் என்ன, இப்ப எல்லாம் இன்ரநெற்றில இருக்கு" என்றா. அமெரிக்காவில் அந்தப் பதிவை எல்லாரும் பார்க்கலாம். பெயரை அடித்தால் நாடு முழுவதும் தேடும், ஊரை அடித்தால் அந்தத் தெருவில் எந்த வீட்டில் எவன் இருக்கிறான் என்று படத்தோடு வரும். நாங்கள் பெயரை முன்னுக்குப் பின் மாற்றி மாற்றி நாலு விதமாக அடித்தோம். இல்லை! ரீச்சர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "வெளிநாடு முழுக்கத் தேடியாச்சு, ஆள் சுத்தம்" என்றா. அமெரிக்காவில் தேடினால் லண்டன் ஆள் எப்படி வருவான் என்று பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

தரகர் மூலம் நான் கேட்பித்தேன். அவர் கொஞ்சமும் கோபிக்கவில்லை. பத்து நாளில் ஒரு தாள் வந்தது. இல்ஃபோர்டில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் படிப்பிக்கிறாராம், அதற்காக அரசாங்கம் அவரைப் பற்றித் தேடிக் கொடுத்த தாளின் பிரதி. சாதகக் குறிப்பின் இன்னொரு பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆங்கிலத்தில் ஒன்றேதான் இருக்கிறது: பதிவு எதுவும் இல்லை. பதிவு எதுவும் இல்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஒன்று சிரிப்பாக இருக்கிறது. பிள்ளைகளைக் கெடுத்தவன் அங்கே வருஷத்துக்கு ஒருதரம் பொலிசுக்குப் போனால் போதும். ஊரை விட்டு ஓடிவந்த நான் இங்கே மாதம் ஒருதரம் போகவேண்டும். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

வேறு ஏதும் இருந்தால் உடனே எழுதுங்கள். எழுதாவிட்டால் அண்ணனுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

சந்தோஷத்தோடு
சுவர்ணா


திருச்சி
10.06.2009

அண்ணைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போனிலும் சண்டையைப் பற்றி அழுகிறீர்களே தவிர இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரியந்தியின் பெரியப்பாவும் பிள்ளைகளும் மே மாதம் சண்டை முடியும்வரை வன்னியில்தான் இருந்தார்கள். இப்போது ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. முகாம்களில் தேடச் சொல்லியிருக்கிறேன். இனி அந்த ஊர் எங்களுக்கு இல்லை அண்ணை. எனக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை, இங்கே இருக்க உரிமையும் இல்லை.

நீங்கள் எழுதாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆவணி 19, செப்டெம்பர் 4, வெள்ளிக்கிழமை. அவர் ஓகஸ்ட் 16 வருகிறார். மூன்று கிழமை, கலியாணம் முடியும்வரை, எங்களோடு தங்கி நிற்பார். பிரியந்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாராம், அவள் இப்போதே ஒரு புதுக் கணக்குக் கொப்பிக்கு உறை போட்டு வைத்திருக்கிறாள்.

தாரை வார்க்க நீங்கள் வரவேண்டும். அப்பா இல்லாத எனக்கு வேறு யார்?

சுவர்ணா


லண்டன்
29.06.2009

அன்பின் தங்கச்சி சுவர்ணாவுக்கு,

இங்கே ரஜனியும் கௌரியும் நலம். உங்களுக்கும் ஆண்டவன் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். ஏப்ரலிலிருந்து நாங்கள் எல்லாரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடியோடு நின்றோம். ஷிப்ட் முடிந்து நேரே அங்கே போவேன். எழுத நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

இந்தக் கடிதத்தைத் தனியே இருந்து வாசி. வாசித்ததும் எரித்துவிடு.

அந்த மனிதனை எனக்குத் தெரியும். 2004இல் இரண்டு தெரு தள்ளி இருந்தான். கௌரிக்கு அப்போது பதினொரு வயது. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து கணக்குப் படிப்பித்தான். அவனுடைய நடத்தை சரியில்லை. இதற்குமேல் என்னால் எழுத ஏலாது, நீ விளங்கிக்கொள். பிள்ளை அந்த நேரம் பயத்தில் வாயே திறக்கவில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. பொலிசுக்குப் போக எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று சொன்னேன், அவன் இல்ஃபோர்டுக்குப் போய்விட்டான்.

பிள்ளை சொல்லாததால்தான் அவனுடைய பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. நீ சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் தாளும் அதனால்தான் சுத்தமாக இருக்கிறது.

கலியாணத்தை நிறுத்து. தரகரிடம் குறிப்புப் பொருந்தவில்லை என்று மட்டும் சொல். கௌரிக்குப் பதினாறு வயது. நாளைக்கு அவளுக்கும் ஒரு கலியாணம் பேசவேண்டும். வெளியில் ஒரு சொல் போகக்கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அண்ணன்


திருச்சி
14.07.2009

என் அன்பு மருமகள் சிவகௌரிக்கு,

உன் மாமி எழுதுகிறேன். நீ நல்லாயிருக்கவேண்டும் என்று இன்றைக்குக் கும்பிட்டதுபோல் நான் என்றைக்கும் கும்பிட்டதில்லை.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு அனுப்புகிறேன். அப்பா எனக்கு எழுதியிருக்கிறார். அவர் அரைவாசியை எழுதி அரைவாசியை விழுங்கியிருக்கிறார். "நடத்தை சரியில்லை" என்கிறார். ஒருவன் சத்தம்போட்டுப் பேசினாலும் எங்கள் சனம் அதைத்தான் சொல்லும். முதலில் வயது என்றார், பிறகு குறிப்பு என்றார், பிறகு தூரம் என்றார், இப்போது இது. எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதன் ஓகஸ்ட் 16 இங்கே வந்து இறங்குகிறான். என் பிள்ளை இருக்கும் அறைக்கு.

நீ பயத்தில் வாய் திறக்கவில்லை என்று அப்பா எழுதினார். அதற்காக நீ உன்னை நோகக்கூடாது, ராசாத்தி. பதினொரு வயதில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்.

உன்னிடம் கேட்க எனக்குக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுது. நீ ஓம் என்றால் நான் வேறு ஒருவரிடமும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

மாமி
சுவர்ணா


கோலியர்ஸ் வுட்
27.07.2009

அன்புள்ள மாமிக்கு,

வணக்கம். நீங்களும் பிரியந்தியும் நலமாக இருக்கிறீர்களா? என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். தமிழ்ப் பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கினார்கள். அங்கே சுற்றுலா பற்றியும் நூலகம் பற்றியும்தான் எழுதினோம்.

ஓம்.

ஒரு சொல் போதும் என்று எழுதினீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வசனம் பிழையாக இருக்கிறது. அதைத் திருத்தவேண்டும். நான் வாய் திறந்தேன் மாமி.

2004 ஜூன் 12, சனிக்கிழமை. அவர் படிப்பித்துவிட்டுப் போனார். அவர் செய்ததை நான் இங்கே எழுதமாட்டேன். அதற்கான தமிழ்ச் சொற்கள் எனக்குத் தெரியாது. அம்மா வேலையில் இருந்தா. அப்பா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் சொன்னேன். ஆங்கிலத்திலும் சொன்னேன். அப்பா அடுப்பை நிற்பாட்டினார். பிறகு அழுதார். அப்பா அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். என்னால் அப்பா அழுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் என்னை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒரே ரெயின். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். பொலிசுக்குப் போகிறோம் என்று நான் நினைத்தேன். கோயிலில் சாமிக்கு முன்னால் தன் கையை நீட்டி, அதில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு. அம்மாவுக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் எங்கட மானம் போயிடும்." நான் அடித்தேன். பிறகு கன்ரீனில் எனக்கு வடை வாங்கித் தந்தார்.

அப்பா என்னில் பாசம் இல்லாதவர் இல்லை. அதுதான் எனக்கு விளங்காமல் இருக்கிறது.

ஐந்து வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இந்தக் கடிதத்தில் உடைக்கிறேன். பிரியந்தி எனக்குத் தங்கச்சி மாதிரி. சாமி கோபித்தால் கோபிக்கட்டும்.

ஸ்கூலில் ஒரு மிஸ்ஸிடம் கேட்டேன். எத்தனை வருஷம் போனாலும் பொலிசில் சொல்லலாம் என்றா. ஒருவர் சொன்னால்தான் அவர்கள் தேடுவார்கள், கோர்ட்டுக்குப் போகும், குற்றம் என்று தீர்ப்பு வந்தால்தான் அந்தப் பதிவில் பெயர் வரும். பதிவு தானாக எழுதாது. நான் போகப்போகிறேன். அப்பாவும் என்னோடு வந்தால் நல்லது. இன்னும் அவரிடம் கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

பிரியந்தியின் கணக்குக் கொப்பிக்கு நான் போனில் சொல்லிக்கொடுக்கலாம். எனக்குக் கணக்கு வரும்.

அன்புடன்
சிவகௌரி


திருச்சி
10.08.2009

ஞானேஸ்வரன் அண்ணைக்கு,

கலியாணம் இல்லை. தரகரிடம் குறிப்புப் பொருந்தவில்லை என்று சொல்லச் சொன்னீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னேன், பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சூசைதாசன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன் அவர். அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து எமில்டா ரீச்சரிடம் கொடுத்தேன். பொலிஸ் கேட்டால் கொடுக்கலாம், எரிக்கவேண்டாம் என்றா.

திருச்சிக்கு வந்தபிறகு நீங்கள் எழுதிய கடிதங்கள் பதினான்கு. எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் முதல் நாலு வரிக்குள் இருக்கிறது: கௌரி நலம். அந்தக் கடைசிக் கடிதத்தில்கூட. அண்ணை, கை எப்படி எழுதியது?

பிள்ளை சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. சொன்னவளைச் சொல்லாதவளாக்கினீர்கள். பழியையும் அவள் தலையில் வைத்தீர்கள். இதையெல்லாம் அவன் சரியாக எடைபோட்டிருக்கிறான். அதனால்தான் உங்களையே சாட்சியாகக் காட்டினான். உங்கள் மூடிய வாயில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெப்ரவரியில் கேட்டேன். ஜூன் கடைசிவரை எனக்கு ஐயர் கதை சொன்னீர்கள். அந்தக் கடிதம் இன்னும் ஐந்து கிழமை பிந்தி வந்திருந்தால் என் பிள்ளை கொப்பியோடு அவனுக்கு முன்னால் இருந்திருக்கும்.

லண்டன் கைவிட்டுப் போனது எனக்குப் பெரிதில்லை. மாதம் ஒருதரம் அந்த வாங்கில் இருந்துகொள்வேன். அப்பா இறந்த பிறகு எனக்கு அப்பாவாக ஒருவர் இருந்தார். அவர் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கௌரி எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன், பிறகு திரும்ப வாசித்து அழுதேன்.

கௌரிக்கு நான் எழுதுவேன். நீங்கள் எனக்கு எழுதவேண்டாம். என்றைக்காவது உண்மையை எழுத முடிந்தால் அன்றைக்கு எழுதுங்கள்.

சுவர்ணா


லண்டன்
15.11.2009

சுவர்ணா,

மூன்று மாதம் உன் சொல்லைக் கேட்டேன். இன்றைக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கௌரி தாய்க்குச் சொன்ன நாளிலிருந்து ரஜனி என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். சோறு போடுகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்து வருஷம் தன்னிடமும் மறைத்தேன் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஓகஸ்டில் கௌரி என்னிடம் வந்து, "அப்பா, நான் நாளைக்குப் பொலிசுக்குப் போறன். நீங்கள் வாறீங்களா, இல்லையா?" என்று கேட்டாள். நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "சனம் என்ன சொல்லும்?" அவள் சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் நானும் என் சப்பாத்தைத் தேடினேன்.

அவளைத் தனி அறையில் வைத்துக் கேட்டார்கள், தாய் வெளியில் இருந்தாள். என்னை வேறு அறையில் கேட்டார்கள். உங்களுக்கு முதலில் எப்போது தெரியும் என்று கேட்டார்கள். 2004 ஜூன் 12, பிள்ளை அன்றைக்கே சொன்னாள், நான்தான் வாயை மூடச் சொன்னேன் என்றேன். கோயிலையும் சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். நீ மாதா மாதம் வைக்கிற கையெழுத்தை நினைத்தேன்.

அவனைப் பிடித்து விசாரித்து, பிணையில் விட்டிருக்கிறார்கள். வழக்கு அடுத்த வருஷம். தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தப் பதிவில் ஏறுமா என்று தெரியும். பெயர் ஏறினாலும் நாங்கள் பார்க்க முடியாது. அது பரவாயில்லை என்று கௌரி சொல்கிறாள். பார்க்கவேண்டியவர்கள் பார்த்தால் போதுமாம்.

இன்னொன்றையும் உனக்கு மறைக்கக்கூடாது. போன கிழமை இந்த வழக்கை விசாரிக்கும் பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். கௌரி சொன்ன பிறகு இல்ஃபோர்டில் இருந்து இரண்டு குடும்பங்கள் முறையிடப் பொலிசுக்கு வந்திருக்கின்றன. பெயர் சொல்லவில்லை. எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு 2006இல், மற்றதுக்குப் போன வருஷம். நான் அவனைக் கோலியர்ஸ் வுட்டிலிருந்து துரத்திவிட்டேன் என்று ஐந்து வருஷம் பெருமையாக நினைத்திருந்தேன். அவனை நான் அந்தப் பிள்ளைகளிடம் அனுப்பியிருக்கிறேன், சுவர்ணா. அதிகாரி போனபிறகு குசினியில் நின்று அழுதேன். இந்த முறை கௌரி பக்கத்தில் வரவில்லை. வரவேண்டியதும் இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் நான் விளங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்க முன் தாளோடு அவளுடைய அறை வாசலில் போய் நின்றேன். பிரியந்திக்குப் போனில் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்து முடித்திருந்தாள். "மாமிக்கு எழுதப்போறன். நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு எழுதிறது, பிள்ளை?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பதினான்கு கடிதத்திலும் நானே எழுதிக்கொண்டேன்.

அவள் போனை மேசையில் வைத்தாள். "இன்னும் இல்லை எண்டு எழுதுங்கோ அப்பா" என்றாள்.

அப்படியே எழுதுகிறேன். கௌரி இன்னும் நலமில்லை.

ஞானேஸ்வரன்